ஓப்பனிங் ஆட்டக்காரரும் என் தகரக் கூரையும்

பிரஷர் பார்க்கும்போது கிரிக்கெட் பேசக் கூடாது என்று ஓர் அட்டையில் எழுதி ஒட்டிவிடலாமா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். ஒட்டவில்லை. ஒட்டினால் அதை முதலில் மீறுகிற ஆள் நானாகத்தான் இருப்பேன்.

செம்மேட்டுக்கும் வாசலூர்பட்டிக்கும் நடுவில் ஒரு சின்ன ஊரில் கிராம சுகாதாரச் செவிலியராக இருக்கிறேன். எனக்குச் சொந்த ஊர் மலைக்குக் கீழே, துறையூர்ப் பக்கம். கொல்லிமலைக்கு வேலைக்கு வந்து பதினான்கு வருடம் ஆகிறது. எங்கள் துணை சுகாதார நிலையத்தில் திங்கட்கிழமை பிரஷர், சர்க்கரை மாத்திரை கொடுக்கிற நாள். ஞாயிற்றுக்கிழமை ஊர் டீம் தோற்றிருக்கும், திங்கட்கிழமை ஊரே வந்து என் முன்னால் கையை நீட்டும். அன்றைக்கு எவருக்கும் உண்மையான பிரஷர் அளவு தெரியாது. எல்லாம் முந்தின நாள் ஸ்கோரின் அளவுதான்.

எங்கள் டீம் டென்னிஸ் பந்து டீம். மிளகுக் கொடி ஏறுகிறவர்கள், மரவள்ளி போடுகிறவர்கள், ஒரு லாரி டிரைவர், பலாப்பழ வியாபாரி ஒருவர் என்று பதினோரு பேர். சொந்த ஊரில் ஆடினால் ஜெயிப்பார்கள். மலையிறங்கிக் கீழே போனால் தோற்றுவிட்டு வருவார்கள். இந்த வருடம் கீழே ஆறு மேட்ச் ஆடி ஆறிலும் தோற்றிருந்தார்கள்.

"ஓப்பனிங்கை மாத்தோணுங்க சிஸ்டர்" என்பார் டீக்கடைக்காரர், கையில் பட்டை சுற்றியிருக்கும்போதே. டீமுக்கு அம்பயரும் அவர்தான், யார் எப்போது இறங்குவது என்று முடிவுசெய்கிறவரும் அவர்தான். "அந்த எடது கைப் பையன மொதல்ல எறக்கோணும். அவன் ஒருத்தன்தானுங்க கீழ போனாலும் பத்துப் பதினஞ்சு அடிக்கறான்."

"பேசாதீங்க, நூத்தி அறுபது காட்டுது."

"காட்டாம என்னங்க பண்ணும்? நேத்து ஆட்டத்த நீங்க பாத்திருந்தா உங்களுக்கு எரநூறு காட்டியிருக்கும்."

வரிசையில் நிற்கிற எல்லாரிடமும் ஒரு பேட்டிங் ஆர்டர் இருந்தது. சாமை அடித்துவிட்டு முந்தானையில் உமியோடு வந்த ஓர் அக்கா சொன்ன யோசனையை இன்றைக்கும் நினைத்துச் சிரிக்கிறேன். கீழே போகிற வழியில் எழுபது கொண்டை ஊசி வளைவு. ஐந்தாறு பேருக்காவது வாந்தி வந்துவிடும். "எவன் வாந்தி எடுக்கலையோ அவன மொதல்ல எறக்குங்க. எடுத்தவனெல்லாம் கடைசீல வரட்டும்" என்றாள். டீக்கடைக்காரர் அதை உண்மையாகவே ஒரு மேட்சில் செய்து பார்த்தார். அதிலும் தோற்றோம். வாந்தி எடுக்காத ஒரே ஆள் எங்கள் கடைசி ஆட்டக்காரன், அவனுக்கு மட்டையை எந்தப் பக்கம் பிடிப்பது என்பதே சந்தேகம்.

இவர்கள் எல்லாரையும்விட அதிகமாகக் கத்தியவள் நான்தான். மறைக்க என்ன இருக்கிறது? எனக்கு வாய் நீளம். கத்தியது ஒரே ஒருவனைப் பற்றி: ஓப்பனிங் இறங்குகிற அந்தத் தம்பி. "கால் நகரவே மாட்டேங்குது அவனுக்கு. ஆறு மேட்சுல பதினேழு ரன். அவன எடுத்துட்டு வேற ஆளப் போடுங்க" என்று திங்கட்கிழமைதோறும் சொன்னேன். சொல்லச் சொல்ல ஊரும் அதையே சொல்ல ஆரம்பித்தது. சிஸ்டரே சொல்லிவிட்டார்கள் என்று ஆகிவிட்டது.

அவனுக்கு வயது முப்பத்து நான்கு இருக்கும். மிளகும் மரவள்ளியும் போடுகிறவன். நாங்கள் கிரவுண்டு என்று சொல்கிற இடமே அவனுடைய காடுதான். இருபது வயதில், அப்பாவிடம் கெஞ்சி அந்தத் துண்டில் மரவள்ளி நடாமல் விட்டு, கல்லைப் பொறுக்கிப் போட்டு, மண்வெட்டியால் மேட்டை வெட்டிச் சமப்படுத்தியவன். அதற்கு அவன் கேப்டன் பதவி கேட்கவில்லை. மரியாதை கேட்கவில்லை. முதல் ஆளாக இறங்க வேண்டும் என்று மட்டும் கேட்டான். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "காலைல காட்டுக்குள்ள மொத ஆளாக் கால் வெச்சாப்ல இருக்குமுங்க" என்றான்.

என் கத்தல் அவன் காதுக்குப் போகாமலா இருக்கும்? ஒரு திங்கட்கிழமை மனைவிக்கு இரும்புச் சத்து மாத்திரை வாங்க வந்தான். வாங்கிக்கொண்டு வாசலில் நின்றான்.

"என்னை எடுத்துட்டீங்கன்னா நான் வந்து நிக்க மாட்டேனுங்க சிஸ்டர். கோவமெல்லாம் இல்லீங்க. காடு கெடக்கும், நீங்க பாட்டுக்கு ஆடிக்குங்க."

சண்டை போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். அவன் இப்படி மெல்லச் சொல்லிவிட்டுப் போன பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒருவனை வெளியே நிறுத்து என்று கத்துவதற்கு முன்னால் அவன் கீழே எப்படி ஆடுகிறான் என்று கண்ணால் பார்த்தாவது இருக்க வேண்டாமா? நான் ஒரு மேட்சுக்கும் மலையிறங்கிப் போனதில்லை. பார்த்ததெல்லாம் ஊர் கிரவுண்டை ஒட்டிய என் வீட்டு வாசலில் நின்று பார்த்தது.

அடுத்த ஞாயிறு காலை ஜெபம் முடிந்ததும் டீமோடு வேனில் ஏறிவிட்டேன். ஒரு பை நிறைய எலுமிச்சம்பழம் எடுத்துப் போனதால் மூன்று பேர் வாந்திக்குத் தப்பினார்கள். கீழே இறங்கியதும் வெயில் மூஞ்சியில் அடித்தது. தென்னந்தோப்பை ஒட்டிய கிரவுண்டு. அந்த ஊர்க்காரர்கள் நிழலில் கயிற்றுக் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்கும் ஒரு நாற்காலி கொடுத்தார்கள்.

எங்கள் ஆள் மட்டையோடு நடந்து வந்தான். அதற்குப் பிறகு நடந்ததைப் பார்த்து எனக்கு ஒன்றும் புரியவில்லை. எதிர் டீம்காரர்கள் எல்லாரும் அவனுக்கு வலப்பக்கமாகவே போய் நின்றுகொண்டார்கள். இடப்பக்கம், அதாவது லெக் சைடு, சுத்தமாகக் காலி. பந்து அந்தப் பக்கம் வரவே வராது என்ற நம்பிக்கையில் எவரோ அங்கே ஒரு கன்றுக்குட்டியைக் கட்டியிருந்தார்கள். அது பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருந்தது.

பவுலர் ஒவ்வொரு பந்தையும் அவன் இடுப்பைப் பார்த்தே போட்டான். கொஞ்சம் திருப்பிவிட்டால் போதும், பந்து தோப்புக்குள் போய் விழும். அவன் திருப்பவில்லை. உடம்பை வளைத்து, எங்கோ ஒதுங்கி, ஆள் நிற்கிற வலப்பக்கத்துக்கே இழுத்து அடித்தான். ஆறாவது பந்தில் கேட்ச். இரண்டு ரன். அவனுக்குப் பின்னால் வந்த வலது கைக்காரர்கள் அத்தனை பேரும் அதேபோல ஆடி அதேபோல அவுட் ஆனார்கள். கன்றுக்குட்டி தலையைக்கூடத் தூக்கவில்லை.

மேட்ச் முடிகிற வரைக்கும் பொறுக்க என்னால் முடியுமா? அவன் வந்து தென்னை மரத்தடியில் உட்கார்ந்ததும் போய் நின்றுவிட்டேன்.

"ஏன் தம்பி, உனக்குக் கண்ணு தெரியுதா இல்லையா? அந்தப் பக்கம் ஒரு ஈ காக்கா இல்ல! திருப்பி விட்டா நாலு! ஏன் அந்தப் பக்கம் அடிக்க மாட்டேங்குற?"

அவன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், பேர் கேட்டால் பேர் சொல்கிற மாதிரி சொன்னான்.

"அந்தப் பக்கம் உங்க ஊடுங்க சிஸ்டர்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. தோப்பைப் பார்த்தான், கன்றுக்குட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "இங்க இல்லீங்க, அங்கங்க… வாயில வந்துருச்சுங்க" என்று எழுந்து நின்றுவிட்டான்.

பதினான்கு வருடத்துக்கு முந்தைய ஒரு மத்தியானம் எனக்கு அப்படியே ஞாபகம் வந்தது. மூன்று மாதக் கைக்குழந்தையோடு இந்த ஊருக்கு வந்திருந்தேன். வீட்டுக்காரருக்குத் துறையூரில் வேலை, நான் மட்டும் இங்கே. என் குவார்ட்டர்ஸ் கிரவுண்டின் பக்கவாட்டில் இருக்கிறது, மேலே தகர ஷீட். மேட்டுப் பக்கத்திலிருந்து மட்டுமே பந்து வீசுவார்கள் என்பதால் மட்டை பிடிக்கிறவனுக்கு என் வீடு எப்போதும் இடப்பக்கம்தான். இரவெல்லாம் அழுத குழந்தை அன்றைக்குப் பகலில்தான் கண்ணயர்ந்தது. டமாரென்று கூரையில் பந்து விழுந்தது. குழந்தை வீறிட்டது. தூங்க வைத்தேன். மறுபடியும் டமார்.

தலைமுடியை முடியக்கூட இல்லை. கையில் பால் பாட்டிலோடு கிரவுண்டுக்கு நடுவில் போய் நின்றேன். "இந்தப் பக்கம் அடிக்கிறவன் எவனா இருந்தாலும் அவுட்டு! புரியுதா? இன்னொரு பந்து என் கூரையில விழுந்துச்சுன்னா பொட்டியைக் கட்டிக்கிட்டுக் கீழ போயிருவேன்!" என்று கத்தினேன். அன்று இருபது வயதுப் பையனாக மட்டையோடு நின்று, "செரிங்க சிஸ்டர், இனி அடிக்க மாட்டோமுங்க" என்று சொன்னவன் இதே ஆள்தான். அதற்குப் பிறகு பந்து விழவில்லை. குழந்தை நன்றாகத் தூங்கியது. நானும் அந்தப் பேச்சை மறந்துவிட்டேன். சில வருடம் கழித்து வாசலில் நின்று ஆட்டம் பார்க்கப் பழகினேன், பிறகு ரசிகை ஆனேன், அப்புறம் வாயாடி ஆனேன்.

மலை ஏறுகிற வேனில் டீக்கடைக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். அந்த ரூல் இன்னும் இருக்கிறதா?

"இருக்காம எங்கங்க போகும்? உங்க ஊட்டுப் பக்கம் போனா அவுட்டு. கீழேருந்து வர்றவங்களுக்கும் டாஸ் போடறப்பவே சொல்லிருவோம். அவனுக மறந்துபோயி அந்தப் பக்கமே தூக்கி அடிச்சு அவுட்டாவானுக. அதனாலதானுங்க ஊர்ல ஜெயிக்கறோம்."

"நான் கோவத்துல கத்துனா நீங்க இத்தன வருஷம் அப்படியே வெச்சிருப்பீங்களா? ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

அவர் என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு முந்தி வந்த சிஸ்டருங்க எவரும் ஒரு மழைக்காலம் தாண்டலீங்க. புள்ளத்தாச்சிகள டோலி கட்டித் தூக்கிட்டுப் போயிருக்கோம். நீங்களும் போயிட்டா என்ன பண்றதுன்னு எங்களுக்கு ஒரே பயமுங்க. ஒரு பக்கம் அடிக்காம இருந்தாத் தேஞ்சா போயிருவோம்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. வேனில் எல்லாரும் பார்க்க அழுதேன். என்னை ஊரில் இருக்க வைக்க மைதானத்தில் பாதியை விட்டுக்கொடுத்தவனைத்தான், ஆடத் தெரியாதவன், எடு எடு என்று திங்கட்கிழமைதோறும் கத்தியிருக்கிறேன். இடது கைப் பையன் மட்டும் ஏன் ரன் அடித்தான் என்பதும் அப்போதுதான் விளங்கியது. இடது கைக்காரனுக்கு லெக் சைடு வலப்பக்கம், என் வீடு இல்லாத பக்கம். லெக் சைடில் அடிக்க அவனை யாரும் தடுத்ததில்லை.

அடுத்த ஞாயிறு அதே எதிர் டீம் எங்கள் ஊருக்கு வருவதாக இருந்தது. அதுதான் அந்தத் தம்பிக்குக் கடைசி வாய்ப்பு, அதிலும் சரிப்படவில்லை என்றால் இடது கைப் பையன்தான் ஓப்பனிங் என்று டீக்கடைக்காரர் சொல்லிவிட்டார். அந்த முடிவிலிருந்து அவர் இறங்கி வரவில்லை. நான் ஒன்று கேட்டேன். என் வீட்டு ரூலை எடுத்துவிடுங்கள் என்றேன்.

"எடுத்தா ஊர்லயும் தோப்போமுங்க" என்றார்.

"தோத்தாத் தோத்துட்டுப் போறோம். அது என் வாயில வந்த ரூல், நானே எடுக்குறேன்."

மறுநாள் சாயங்காலம் ஒரு பழைய அரிசி டின்னைத் தூக்கிக்கொண்டு கிரவுண்டுக்குப் போனேன். அந்த ரூல் வருவதற்கு முன்னால் என் வாசலில் விழுந்து நான் திருப்பிக் கொடுக்காத பந்துகள் அதில் ஒன்பது இருந்தன. ரோமமெல்லாம் உதிர்ந்து வழுக்கையாகக் கிடந்தன. "இந்தா, என் கூரையில போடு" என்று அவனிடம் கொடுத்தேன்.

அவனால் முடியவில்லை. அந்த வாரம் முழுக்க முயன்றான். மட்டை ஓங்கும், பாதி திரும்பும், நின்றுவிடும். "கை அங்கயே நின்னுருதுங்க சிஸ்டர்" என்று தன் கையையே யாரோ ஒருவருடையது போலப் பார்த்தான். வீட்டைப் பூட்டிவிட்டுச் செம்மேட்டுச் சந்தைக்குப் போய்ப் பார்த்தேன், நான் இல்லை என்றால் அடிப்பானோ என்று. அப்போதும் அடிக்கவில்லையாம். சனிக்கிழமை அவன் மட்டையை என் வாசலில் சாத்திவைத்துவிட்டு, "நாளைக்கு ஒரு நாள்தானுங்களே, ஆடிட்டு விட்டர்றேனுங்க" என்றான்.

அந்த மேட்சில் நாங்கள் தோற்றோம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அதற்காக எவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு படிக்க வேண்டாம்.

எட்டு ஓவர் மேட்ச். கீழே இருந்து வந்தவர்கள் முதலில் ஆடினார்கள். ரூல் இல்லை என்று தெரிந்ததும் அவர்களுக்குக் கொண்டாட்டம். ஐந்து முறை என் கூரையில் போட்டார்கள். துருப்பிடித்திருந்த ஒரு ஷீட் மூலையில் பிளந்துவிட்டது. ஒவ்வொரு முறை விழும்போதும் எங்கள் பதினோரு பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள், ஏதோ அவர்களே எறிந்த மாதிரி. "மன்னிச்சுக்குங்க சிஸ்டர்" என்று ஒருவன் பந்து எடுக்க வந்தபோது சொன்னான். ஆட்டத்தைப் பாருடா என்று விரட்டினேன்.

பிறகு அவன் இறங்கினான். அவர்கள் மறுபடியும் வலப்பக்கமே போய் நின்றார்கள். இடுப்பைப் பார்த்தே பந்து வந்தது. ஒதுங்கினான், இழுத்தான், தட்டினான். ஒன்பது பந்தில் மூன்று ரன். வேலிப் பக்கம் நின்ற கூட்டம் முனக ஆரம்பித்தது. "சிஸ்டர் சொன்னது செரிதான், இவன எப்பவோ எடுத்திருக்கோணும்" என்று ஒருவர் சொன்னது எனக்குக் கேட்டது. என் வார்த்தை என்னையே திரும்பி வந்து அறைந்தது. அம்பயராக நின்ற டீக்கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குப் பார்க்கச் சக்தி இல்லை. ஆண்டவரே, நீரே பார்த்துக்கொள்ளும் என்று வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டேன். ஒரு காலத்தில் தொட்டில் கட்டியிருந்த அந்த அறையில் கட்டிலில் உட்கார்ந்தேன். பிளந்த ஷீட் வழியாக ஒரு கோடு வெயில் தரையில் விழுந்திருந்தது.

டமார்.

தலைக்கு நேர் மேலே. உருண்டு, கூரை விளிம்பில் தட்டி, முற்றத்தில் விழுந்தது. வெளியே ஒரு சத்தம் இல்லை. கைதட்டல் இல்லை, கத்தல் இல்லை. கதவைத் திறந்துகொண்டு ஓடினேன்.

கிரவுண்டே அசையாமல் நின்றது. டீக்கடைக்காரரின் விரல் பழக்கத்தில் பாதி தூக்கியபடி நின்றது. அந்தத் தம்பி மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தலையைக் குனிந்து, கிரவுண்டை விட்டு வெளியே நடந்துகொண்டிருந்தான். அவுட் என்று அவனே நினைத்துக்கொண்டுவிட்டான். பாதி தூரம் வந்தும்விட்டான்.

"எங்கடா போற?" என்று கத்தினேன். பதினான்கு வருடத்துக்கு முன்னால் கத்திய அதே குரல்தான் வந்தது, எனக்கு இருப்பது அந்த ஒன்றுதானே.

அவன் நின்றான். "அவுட்டுங்களே சிஸ்டர்… உங்க ஊட்டு மேல…"

நான் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினேன். எனக்குத் தெரிந்த அம்பயர் சைகை அது ஒன்றுதான். கையை இறக்காமல் அப்படியே நின்றேன். டீக்கடைக்காரர் என்னைப் பார்த்தார், தன் விரலைப் பார்த்தார், விரலை மடக்கிக்கொண்டு அவரும் மெதுவாக இரண்டு கையையும் தூக்கினார்.

அவன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். திரும்பிப் போய், காலால் மண்ணைக் கீறித் தன் இடத்தில் நின்றான்.

அடுத்த பந்தும் என் கூரையில்தான் விழுந்தது.